வறட்சி தாங்கும் என்று விற்ற அன்னாசிக் கன்றுகள்: இரண்டு கோடை கழித்து ஒரு மதிப்பீடு

மார்த்தாண்டத்தைத் தாண்டி மலைப்பக்கம் போகும் சாலையோரத்தில் உள்ள ஒரு நாற்றுப்பண்ணையின் வாசலில், ‘வறட்சி தாங்கும் கைதச்சக்கைக் கன்றுகள் கிடைக்கும்’ என்று சிவப்பு எழுத்தில் ஒரு தட்டி தொங்கிக்கொண்டிருந்தது. 2023 மே மாதம் அந்தத் தட்டியைப் பார்த்துத்தான் வண்டியை நிறுத்தினேன். அன்னாசியை எங்கள் பக்கம் கைதச்சக்கை என்போம். தாழையைப் போன்ற இலையும் பலாவைப் போன்ற பழமும் இருப்பதால் வந்த பெயர். அன்று அங்கே வாங்கிய இரண்டு வகைகளையும், பிறகு வேறு வழிகளில் கைக்கு வந்த இரண்டு வகைகளையும், வேலியோரத்தில் யாரும் நடாமலே நின்ற ஒரு பழைய வகையையும் இரண்டு கோடைக்காலம் ஒன்றாக வைத்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். கன்று வாங்கிய மாதமே எழுதியிருந்தால் பண்ணைக்காரரைப் புகழ்ந்திருப்பேன். முதல் கோடை முடிந்ததும் எழுதியிருந்தால் ஏசியிருப்பேன்.

எனக்கு நிலம் இரண்டு இடத்தில் இருக்கிறது. குலசேகரத்துக்கு அருகில் ஒரு ரப்பர் விளை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அதில் பாதிக்கு மேற்பட்ட மரங்களைச் சாய்த்துவிட்டதால், சில ஆண்டுகள் சும்மா போட்டுவிட்டு 2022-ல் மறுநடவு செய்தேன். ரப்பர்க் கன்று நிழல் விரிக்கும்வரை, அதாவது முதல் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு, இடைவெளியில் அன்னாசி போடுவது இங்கே வழக்கம். இன்னொன்று தோவாளை வட்டத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நேராக வந்து அறையும் செம்மண் மேடு. ஒரே மாவட்டம்தான் என்றாலும் மலையடிவாரத்தில் குடையை மடக்க முடியாமல் நிற்கும் நாளில் தோவாளையில் காற்றாலைகள் சுற்றுவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. வறட்சி தாங்கும் கன்று எனக்குத் தேவைப்பட்டது இந்த இரண்டாவது நிலத்துக்குத்தான். குலசேகரம் விளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மட்டும்.

பண்ணையில் மொரீஷியஸ் கன்று 11 ரூபாய், கியூ கன்று 10 ரூபாய். மொரீஷியஸில் 300, கியூவில் 200 எடுத்தேன். "ரண்டுல எது சாரே தண்ணி இல்லாம நிக்கும்?" என்று என்னோடு வந்த அண்ணன் கேட்டார், எங்கள் விளையில் முப்பது ஆண்டாக வேலை பார்ப்பவர். அவர் என்னிடம் கேட்ட கேள்விக்குப் பண்ணைக்காரர் முந்திக்கொண்டு பதில் சொன்னார்: "ரண்டும் நிக்கும் அண்ணே. தண்ணி கேக்காத இனம். மறந்துபோனாலும் கெடந்துக்கிடும்."

அந்தப் பதிலில் பொய் இல்லை என்பதுதான் சிக்கல். அன்னாசியின் எந்த வகையை எடுத்தாலும் அது தண்ணீர் இல்லாமல் நெடுநாள் நிற்கும். மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை வாங்கும்போது நீரையும் ஆவியாக விட்டுவிடுகின்றன. அன்னாசியோ கற்றாழையையும் கள்ளியையும் போல இரவில் துளைகளைத் திறந்து, கரியமிலவாயுவை அமிலமாக்கி இலைக்குள் சேர்த்துவைத்து, பகலில் கதவை அடைத்துக்கொண்டு அந்தச் சேமிப்பில் சமைக்கிறது. ஒரு கிராம் கரியமிலவாயுவை உள்ளே எடுக்க நெல்லைப் போன்ற பயிர்கள் 400 முதல் 500 கிராம் நீரைச் செலவழிக்கும் இடத்தில், இந்த வகைச் செடிகளுக்கு 50 முதல் 100 கிராம் போதும். இந்த வித்தையை முதலில் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் தரங்கம்பாடியிலும் சென்னையிலும் வாழ்ந்த பெஞ்சமின் ஹெய்ன் என்ற மருத்துவர். நாம் ரணகள்ளி என்று சொல்லும் செடியின் இலை காலையில் புளிப்பதையும், நேரம் ஏற ஏறச் சுவையற்றுப் போவதையும் மென்று பார்த்து அவர் எழுதிய கடிதம் 1815-ல் லண்டனில் அச்சானது. அன்னாசி இலையையும் விடியலில் நுனிப்பல்லால் கடித்துப் பார்க்கலாம்; முள்ளை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே அன்னாசியை ‘வறட்சி தாங்கும் இனம்’ என்று தட்டி வைத்து விற்பது, நீந்தத் தெரிந்த மீன் என்று கூவி விற்பதைப் போன்றது. கோடையில் செடி சாகுமா என்று நான் கேட்டிருக்கவே கூடாது. நிற்பதற்காக எதை விட்டுக்கொடுக்கும் என்று கேட்டிருக்க வேண்டும்; அதற்கு ஒவ்வொரு வகையும் வேறு வேறு பதில் சொல்கிறது.

முதலில் சரக்கின் தரத்தைச் சொல்லிவிடுகிறேன். கன்றுகள் நல்ல எடையில் இருந்தன; பத்தை எடுத்து நிறுத்துப் பார்த்ததில் அரைக் கிலோவுக்குக் குறைந்தது ஒன்றும் இல்லை, முக்கால் கிலோவை எட்டியவை பல. அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை உள்ள பக்கக்கன்றுதான் நடவுக்கு ஏற்றது. பழத்தின் கொண்டையைக் கிள்ளி நட்டால் காய்க்க ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகும், பக்கக்கன்று ஒன்றரை ஆண்டுக்குள் முடித்துவிடும். சாக்கில் திணிக்காமல், வேர்ப்பக்கத்துக் காய்ந்த இலைகளை உரித்து, ஒரு வாரம் நிழலில் வாடவைத்துக் கொடுத்திருந்தார்கள். இதுவரை குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை நான்காவது மாதத்தில் தெரிந்தது. மொரீஷியஸ் என்று கொடுத்த 300-ல் 34 செடிகள் விளிம்பில் முள்ளில்லாமல் வழவழவென்று வளர்ந்தன. மொரீஷியஸ் குவீன் கூட்டத்தைச் சேர்ந்தது. இலையின் இரு விளிம்பிலும் அடி முதல் நுனி வரை முள் உண்டு. கியூ கேயென் கூட்டம். நுனியில் நாலைந்து முள்ளோடு சரி. இறக்கும்போதே ஒவ்வொன்றின் விளிம்பையும் விரலால் தடவியிருந்தால் அன்றே பிடித்திருக்கலாம். நான் தடவவில்லை. போய்ச் சொன்னபோது பண்ணைக்காரர் மறுக்கவும் இல்லை, வருந்தவும் இல்லை. 20 கன்று மாற்றித் தந்தார், மீதி 14-க்குக் கணக்கில்லை. இந்தக் கலப்படம் சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இரண்டு வகையும் காய்க்கும் காலம் வேறு என்பதால், பூக்கத் தூண்டும் மருந்தை ஊற்றும் நாளில் வரிசைக்கு வரிசை குனிந்து தேட வேண்டியிருந்தது.

எம்.டி.2 என்ற வகையை வாங்கியது முழுக்க முழுக்க என் ஆசை. ஹவாயில் கலப்பினமாக உருவாகி, 1990-களின் நடுவில் கோஸ்டா ரிக்காவிலிருந்து உலகச் சந்தைக்கு வந்து, பழக்கடைகளில் கியூ போன்ற பழைய வகைகளை ஓரங்கட்டிய வகை அது. வெளி மாவட்டத்து விற்பனையாளர் ஒருவரிடம் கைப்பேசியிலேயே பணம் கட்டி, ஒன்று 48 ரூபாய் வீதம் 60 திசு வளர்ப்புக் கன்றுகள் வரவழைத்தேன். விளம்பரத்தில் அதற்கும் ‘குறைந்த நீரில் நிறைந்த விளைச்சல்’ என்றுதான் போட்டிருந்தது. பெட்டியைப் பிரித்தால் சுட்டுவிரல் நீளத்தில் குழந்தைகளைப் போல வந்திருந்தன. நான்காவதாக, கேரள வேளாண் பல்கலைக்கழகம் கியூவையும் ரிப்ளி குவீனையும் கலந்து வெளியிட்ட அம்ரிதா வகையில் 25 கன்றுகளை நண்பர் ஒருவர் கொடுத்தார். 25 செடியை வைத்துக்கொண்டு ஒரு வகையைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது சரியல்ல என்பதால் அதை இங்கேயே விட்டுவிடுகிறேன். தோவாளையில் 22 நின்றன, பழத்தில் புளிப்புக் குறைவு, அவ்வளவுதான்.

நட்டது ஜூன் முதல் வாரம். மொரீஷியஸ், கியூ, எம்.டி.2 மூன்றையும் இரண்டு நிலத்துக்கும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரித்தேன். தோவாளையில் மட்டும் ஒவ்வொரு வகையையும் மறுபடி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை இருபது நாளைக்கு ஒருமுறை செடிக்கு மூன்று லிட்டர் கணக்கில் தண்ணீர் கொடுப்பது, மறு பாதியை வானம் பார்க்க விடுவது என்று அண்ணனோடு பேசி முடிவு செய்தேன். அவருக்கு இதில் உடன்பாடு இல்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கும்போது செடியைக் காயப்போடுவது பாவம் என்று நேராகவே சொன்னார்.

கோடை வருவதற்கு முன்னால் மழை வந்தது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய இரண்டு நாளும் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையில் குலசேகரம் விளையின் தாழ்ந்த ஓரம் ஒரு வாரம் சொதசொதவென்று கிடந்தது. எம்.டி.2-ஐ நான் நட்டிருந்ததும் அந்த ஓரத்தில்தான். பொங்கலுக்குப் போய்ப் பார்த்தபோது செடிகள் வெளிப்பார்வைக்குப் பச்சையாகவே இருந்தன. நடுக்குருத்தை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தால் மெழுகுவர்த்தியைத் தட்டிலிருந்து எடுப்பது போலக் கையோடு வந்தது. அடிப்பக்கம் வெளுத்து, ஓரம் பழுப்பேறி, கெட்ட முட்டை நாற்றம் அடித்தது. குருத்தழுகல். எம்.டி.2 இந்த நோய்க்கு எளிதில் இரையாகும் என்பதும், அதற்கு மேட்டுப்பாத்தியும் வடிகாலும் கட்டாயம் என்பதும் உலகெங்கும் அதைப் பயிரிடுவோருக்குத் தெரிந்த செய்தி. விற்றவர் ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். குலசேகரத்தில் முப்பதில் 19 போயின. வறட்சிக்கு என்று வாங்கிய கன்று வெள்ளத்தில் போன கதையை அண்ணன் இன்றுவரை டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதே மழையில் பக்கத்து வரிசை மொரீஷியஸில் நான்கு செடிதான் அழுகியது.

பிறகு ஜனவரி நடுவிலிருந்து தோவாளையில் ஒரு துளி இல்லை. இனி எழுதுவதெல்லாம் அந்த நான்கு மாதத்தில் பார்த்தது.

அன்னாசி வாடுவதைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. வாழையைப் போல இலையைத் தொங்கப்போட்டு முறையிடுகிற சாதி இல்லை இது. பிப்ரவரி முழுக்க நீர் விட்ட பாதிக்கும் விடாத பாதிக்கும் என் கண்ணுக்கு வேறுபாடே தெரியவில்லை. மார்ச் முதல் வாரம் ஒருநாள் காலை ஏழு மணிக்குச் சவரபிளேடு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். செடியின் இலைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து மேலே தூக்கிப் பிடித்தால், மற்றவற்றைவிட உயர்ந்து நிற்கும் நீளமான இலை ஒன்று இருக்கும். அன்னாசியில் ஆராய்ச்சி செய்வோர் எந்தச் சோதனைக்கும் அந்த இலையைத்தான் எடுப்பார்கள். அதைப் பறித்து, நடுப்பாகத்தில் குறுக்கே வெட்டி, வெட்டுவாயை வெயிலுக்கு நேராகப் பிடித்தால் இரண்டு அடுக்கு தெரியும். கீழே பச்சை, மேலே நிறமே இல்லாமல், இளநுங்கை வகுந்தாற்போல ஒளி ஊடுருவும் ஓர் அடுக்கு. அந்த மேலடுக்குத்தான் செடியின் தண்ணீர்த் தொட்டி. நீர் விட்ட கியூ இலையில் அது ஏறக்குறையப் பச்சை அடுக்கின் கனத்துக்கு இருந்தது. நீர் விடாத கியூவில் வெட்டுவாயின் மேல்விளிம்பில் ஒரு கண்ணாடி நூலைப் போல ஒடுங்கிக் கிடந்தது. பச்சை அடுக்கு மட்டும் இரண்டிலும் ஒரே கனம். தொட்டியைக் காலிசெய்து சமையலறையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது செடி. அண்ணன் இரண்டு துண்டையும் வாங்கி, மாறி மாறி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் குழாயைத் திறக்கப் போனார். அன்று அவரைத் தடுத்து நிறுத்துவதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

மொரீஷியஸ் இலை இயல்பிலேயே ஒடுங்கியது, விறைப்பானது. அதில் தொட்டி அடுக்கு தொடக்கத்திலேயே மெல்லியதாகத்தான் இருந்தது. நீர் விடாத பாதியில் அது இன்னும் குறைந்திருந்தாலும் கியூவில் கண்ட அளவுக்குச் சரிவு இல்லை. நிறத்திலும் வேறுபாடு இருந்தது. மார்ச் கடைசியில் நீர் காணாத கியூவின் வெளியிலைகள் பச்சை வெளிறி, மஞ்சளாகி, ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டு, நுனி காய்ந்தன. மொரீஷியஸ் செம்பு நிறமேறிக் குறுகி நின்றதே தவிர சுருளவில்லை. இதை வைத்து மொரீஷியஸ் கெட்டிக்காரன், கியூ சோனி என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்கு மே மாதம் சாட்சி. மே நடுவில் இரண்டு மூன்று நல்ல மழை கிடைத்ததும், கியூதான் முதலில் மீண்டது. ஜூன் முதல் வாரத்தில் இலை வெட்டுவாயில் நுங்கு அடுக்கு பழைய கனத்துக்குத் திரும்பியிருந்தது. அகலமான இலைகளால் செடியின் நடுவே புனல் போலக் கூடு கட்டி வைத்திருப்பதால், தூறலையும் பனியையும் கூட வீணாக்காமல் அடிக்கணுவுக்கு இறக்கிவிடுகிறது என்பது என் ஊகம். அன்னாசியின் வேர் பெரும்பாலும் மேல்மண்ணில் ஓரடிக்குள் நின்றுவிடும். ஆழத்து ஈரத்தைத் தேடிப் போகாது. ஆனால் இலைக்கணுக்களிலேயே சிறு வேர்கள் இருப்பதால் குருத்தில் விழுகிற நீரை அது அங்கேயே குடித்துக்கொள்ளும். அதனால்தான் மூன்று லிட்டரையும் தரையில் ஊற்றாமல் தலையில் ஊற்றச் சொல்லியிருந்தேன்.

நீர் இல்லாமல் சிவந்த செடிகளுக்கு நடுவே, நீர் விட்ட கியூ வரிசையிலும் ஏழெட்டுச் செடி சிவந்து நுனி கருகி நின்றது என்னைச் சில நாள் குழப்பியது. கூடுதலாகத் தண்ணீர் விட்டும் தேறவில்லை. ஒன்றைப் பிடித்து இழுத்தபோது மண்ணோடு போராடாமல் ஒற்றைக் கையில் வந்துவிட்டது. வேர் செத்துப் பஞ்சாக இருந்தது, அடி இலைமடிப்பில் வெள்ளைப் பொடி அப்பியது போல மாவுப்பூச்சி, அதைச் சுற்றி எறும்பு வரிசை. மாவுப்பூச்சியால் வரும் வாடல் நோய் கேயென் கூட்டத்தை அதிகம் பிடிக்கும் தலைவலி. வறண்ட செடியை இழுத்தால் மண் பெயர்ந்துதான் வரும், இது சொல்லாமலே வரும், வித்தியாசம் அதுதான். பூச்சி கன்றோடு பண்ணையிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்த மேட்டில் அதற்கு முன் அன்னாசி இருந்ததில்லை. நடுமுன் கன்றின் அடியைப் பூச்சிமருந்துக் கரைசலில் முக்கி எடுப்பது பண்ணைக்காரர் வேலையா என் வேலையா என்று வாதாடலாம். 10 ரூபாய் வாங்குகிறவர் அதைச் செய்யவில்லை என்றால் ‘முக்கவில்லை’ என்றாவது சொல்ல வேண்டும்.

எம்.டி.2-க்குத் தோவாளையில் அழுகலால் இழப்பு ஆறுதான். ஆனால் நீர் விடாத பாதி ஜனவரியில் எப்படி இருந்ததோ அப்படியே ஏப்ரலிலும் இருந்தது. ஓர் இலை கூடக் கூடவில்லை. முக்கால் கிலோக் கன்றோடு விரலளவுத் திசுக்கன்றை ஓட்டப்பந்தயத்தில் நிறுத்தியது என் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். நல்ல எடையுள்ள பக்கக்கன்று கிடைத்திருந்தால் கதை மாறியிருக்கலாம். விற்றவர் விற்றது இதைத்தான் என்பதால், நானும் இதைத்தான் மதிப்பிட முடியும்.

இனி விளைச்சல். அன்னாசி தானாகப் பூக்கும்வரை காத்திருந்தால் ஒரே வரிசையில் ஒன்று காயும் ஒன்று பூவும் ஒன்று மலடுமாக நிற்கும் என்பதால், செடிக்கு 35 முதல் 40 இலை வந்ததும் எத்தரல் என்ற பூக்கத் தூண்டும் மருந்தை ஊற்றுவார்கள். 25 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 25 பங்கு, கரைசலில் இரண்டு சதவீதம் யூரியாவும் 0.04 சதவீதம் கால்சியம் கார்பனேட்டும் கலந்து, குருத்தில் 50 மில்லி. அந்த நாளில் செடி எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அதைப் பொறுத்தே பழத்தின் எடை. கோடை கேட்கும் விலை இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது. குலசேகரத்து மொரீஷியஸ் 2024 ஜனவரியிலேயே 38 இலையைத் தொட்டு, ஊற்றி, ஜூன் தொடக்கத்தில் பழம் தந்தது. தோவாளையில் நீர் விட்ட மொரீஷியஸ் ஜூலைக்குத்தான் தயாரானது. நீர் விடாத மொரீஷியஸ் கோடை முழுதும் இலை போடுவதை நிறுத்திவிட்டு மழைக்குப் பின் மறுபடி தொடங்கியதால் அக்டோபர் ஆகிவிட்டது. அப்படித் தாமதமானதன் தண்டனை என்னவென்றால், அதன் காய் பருக்க வேண்டிய மாதங்கள் அடுத்த கோடையின் வாயில் போய் விழுந்தன. நீர் விட்டதன் பழம் நவம்பர் கடைசியில் ஒன்றே கால் கிலோவை ஒட்டி வந்தது. விடாததன் பழம் 2025 மார்ச்சில் 800 கிராமைத் தாண்டியது அரிது. எங்கள் பக்கத்து வியாபாரி ஒரு கிலோவுக்குக் குறைந்ததைத் தனியே ஒதுக்கி, பாதி விலை சொன்னார். இனிப்பில் மட்டும் குறை இல்லை. சின்னப் பழம்தான் வீட்டில் முதலில் தீர்ந்தது.

கியூ இயல்பிலேயே மெதுவான வகை, பழமும் பெரியது. குலசேகரத்தில் 2024 டிசம்பரில் இரண்டு கிலோவை ஒட்டிய பழங்கள் கிடைத்தன. அந்த இடத்தில் கியூ வாங்கியதற்கு எனக்கு வருத்தம் இல்லை. தோவாளையில் நீர் விட்ட பாதிக்கே எத்தரல் அக்டோபரில்தான் ஊற்ற முடிந்தது. 2025 மார்ச்சில் காய் முற்றும்போது கனம் தாங்காமல் சாய்ந்து, மேற்கு வெயில் பட்ட பக்கம் வெந்து மஞ்சளாகிப் பிறகு பழுப்பானது. தென்னோலையைக் கிழித்துத் தலையில் கட்டிய செடிகள் தப்பின, கட்டாத வரிசையில் மூன்றில் ஒன்று போயிற்று. நீர் விடாத பாதியில் சில செடிகள் நட்டு இரண்டு ஆண்டு ஆகியும் மருந்து ஊற்றும் அளவுக்கு வரவில்லை. செடி சாகவில்லை என்பது உண்மை. ‘கெடந்துக்கிடும்’ என்று பண்ணைக்காரர் சொன்னார், அப்படியே கிடந்தது.

வேலியோரத்துப் பழைய வகையைச் சொல்லாமல் விட்டால் இந்த மதிப்பீடு முழுமையாகாது. என் அப்பா காலத்திலிருந்தே தோவாளை மேட்டில் கல்வேலியை ஒட்டி ஒரு செங்கைதை நிற்கிறது. இலை ரத்தச் சிவப்பு, முள் கொக்கி போன்றது, ஆடு கூட ஒதுங்கிப் போகும். இது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று பேர் சூட்ட நான் துணியவில்லை. யாரும் அதற்குத் தண்ணீர் விட்டதில்லை, உரம் போட்டதில்லை. 2024 ஏப்ரலில் அதன் இலையையும் அறுத்துப் பார்த்தேன். பிளேடு மழுங்கியதுதான் மிச்சம், அவ்வளவு நார். அந்த ஆண்டும் வழக்கம்போல ஆனியில் அரைக் கிலோப் பழம் மூன்று தந்தது. கண்கள் ஆழமாக இருப்பதால் தோலைச் சீவினால் பாதி போய்விடும், மீதியில் நார் பல்லில் சிக்கும், மணம் மட்டும் வாசல் வரை வரும். தாங்குதிறனுக்கு மட்டும் பரிசு என்றால் இதற்குத்தான் கொடுக்க வேண்டும். வியாபாரி மட்டும் இதை எடைத்தட்டில் ஏற்றமாட்டார். அன்னாசியின் பூர்வீகமான தென் அமெரிக்காவில் மணற்பாங்கான வறண்ட புல்வெளிகளில் தானாக முளைத்துக் கிடக்கும் காட்டு வகைகளும் இப்படித்தான், சிறிய பழமும் நிறைய நாருமாக இருக்கின்றன. பிரேசிலில் வறட்சிக்கு ஈடுகொடுப்பதாகப் பேர்பெற்ற பெரோலா என்ற வகை உண்டு. அதன் கன்றை எங்கள் பக்கத்துப் பண்ணைகள் எதிலும் நான் பார்த்ததில்லை.

விலைக்கு மதிப்பு என்று பார்த்தால், மார்த்தாண்டத்துப் பண்ணையின் மொரீஷியஸ் கன்றுக்கு ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுப்பேன்; எடையும் பதப்படுத்தலும் முழுமதிப்பெண்ணுக்கு உரியவை, கலப்படத்துக்காகக் குறைத்தேன். மழை உள்ள மேற்குப் பகுதி விளைகளில் கியூவுக்கு அதே மூன்றரை, தோவாளை போன்ற இடத்துக்கு ஒன்றரை. எம்.டி.2 திசுக்கன்றுக்கு ஒன்று, அதுவும் பெட்டி கட்டிய நேர்த்திக்காக. நீர் விடுவதில் கஞ்சத்தனம் காட்டும் வறண்ட நிலக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இருபது நாளைக்கு ஒருமுறை ஊற்றிய அந்த மூன்று லிட்டர், கோடை நான்கு மாதத்துக்கும் சேர்த்து ஒரு செடிக்கு 18 லிட்டர்தான் ஆனது. வகையை மாற்றியதால் கிடைத்த வேறுபாட்டைவிட அந்த 18 லிட்டரால் கிடைத்த வேறுபாடு பெரிது. அதனோடு வரிசைக்கு நடுவே காய்ந்த சருகைக் கணுக்கால் உயரத்துக்குப் பரப்பிய ஓர் ஓரத்தில், நீர் விடாமலே கியூ இலையின் நுங்கு அடுக்கு ஓரளவு தேறியிருந்ததையும் பார்த்தேன். அதை முதலிலேயே எல்லா வரிசைக்கும் செய்யாமல் விட்டதுதான் நான் செய்த பெரிய பிசகு.

பண்ணையின் தட்டி இன்னும் அதே சிவப்பு எழுத்தில் தொங்குகிறது. இந்த ஆண்டு அண்ணனையும் கூட்டிக்கொண்டு மறுபடி அங்கேதான் போனேன், அந்த எடையில் கன்று வேறெங்கும் கிடைக்கவில்லை. மொரீஷியஸ் மட்டும் 250 சொல்லி முன்பணம் 500 ரூபாய் கொடுத்திருக்கிறோம். இறக்கும்போது ஒவ்வொரு கன்றின் விளிம்பையும் தடவிப் பார்த்துத்தான் எண்ணுவோம், அடியை மருந்தில் முக்கித்தான் ஏற்ற வேண்டும் என்று அண்ணன் நிபந்தனை போட்டார். பண்ணைக்காரர் சிரித்துக்கொண்டே, கன்றுக்கு ஒரு ரூபாய் கூட்டிச் சொன்னார். ஒத்துக்கொண்டோம்.